கறாரான அம்மாவின் கதவு

எங்கள் வீட்டில் கதவு என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்தது வாசல் கதவு ஒன்றுதான். அதுவும் வீட்டைக் கட்டி விற்றவர் போட்டது, என் வீட்டுக்காரர் போட்டதில்லை. என் வீட்டுக்காரர் தச்சர். ஏதோ ஒரு தச்சர் இல்லை, கதவு என்றால் அவரைத் தேடிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி வருவார்கள். பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். தச்சர் கணக்கில் நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் கதவைக் கழற்றிப் போட்டு மறுபடி இழைப்பார், அதனால் வந்த பெயர். அப்படிக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

ஊருக்கெல்லாம் கதவு போட்டவர் வீட்டில் படுக்கையறைக்குத் திரை. குளியலறைக்கு ஏதோ பெயின்ட் விளம்பரம் ஒட்டிய ஒட்டுப்பலகை. அதில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்தபடிதான் நாங்கள் இத்தனை வருஷமும் பல் தேய்த்தோம். என் தையல் அறைக்கு நிலை மட்டும் உண்டு, அதாவது கதவைத் தாங்குகிற மரச்சட்டம். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பெரிய வேலை ஒன்றுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கால் செருப்புக்குள் இருக்கும்போதே அந்த நிலையை நட்டுவிட்டு, "கதவு அடுத்த வாரம்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலைக்கென்று வேறு ஊருக்கே போய்விட்டாள். திரைதான் அவ்வப்போது மாறியது. அதைத் தைத்ததும் நான்தான்.

நான் பெண்களுக்கு மட்டும் தைக்கிறவள். அளவெடுக்க வேண்டும், போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டும், கையில் கொஞ்சம் விட வேண்டும். இத்தனையும் ஒரு திரைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. காற்றடித்தால் திரை ஒரு பக்கம் போகும், குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு நானும் அதன் பின்னாலேயே போவேன்.

ஒரு நாள் வங்கியில் அதிகாரியாக இருக்கும் அம்மா ஒருவர், தங்கை கல்யாணத்துக்கென்று தைத்த கவுனுக்குள் பாதி உடம்பை நுழைத்து, தலை துணிக்குள் மாட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து இவரும் பட்டறை ஆட்கள் இருவரும் நீளப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். கூடத்தில் அதைத் திருப்ப இடம் போதவில்லை. பலகையின் முனை திரையை அள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்தது, பின்னாலேயே மூன்று ஆண்களும் வந்தார்கள். அந்த அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. இவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். தோளில் பலகையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா, நான் எதையும் பாக்கல, பலகையைத்தான் பாத்தேன்" என்றார். பொய் இல்லை. அவர் எப்போதும் பலகையைத்தான் பார்ப்பார்.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. விஷயம் கேள்விப்பட்ட வேறு சிலரும், "உங்க தையலுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனா..." என்று இழுத்தார்கள். சாயங்காலம் இவரிடம் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார், தலையைச் சொறிந்தார், "அடுத்த வாரம் போட்டுடலாம்" என்றார். சொல்லி வாயை மூடவில்லை, யாரோ ஒருவருடைய அலமாரிக் கீல் கீச்சென்கிறது என்று போன் வந்தது. போட்ட சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

எனக்குக் கதவு இல்லாததைவிட அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் சொன்னால் கீலுக்கும் எண்ணெய், பெண்டாட்டி சொன்னால் அடுத்த வாரம். நானும் இவருக்கு வாடிக்கையாளராகப் பிறந்திருக்கக் கூடாதா என்று பொருமிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கழுவி முடிப்பதற்குள், பிறக்கத்தான் முடியாது, ஆகலாமே என்று தோன்றிவிட்டது.

என் தம்பி இவருக்குக் கூட்டாளி. அளவெடுப்பது, மரம் பார்ப்பது, ஆட்களோடு பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. மறுநாள் அவனைப் பிடித்து உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, தெரிஞ்சா மாமா என்னை இழைச்சுப் போட்டுடுவாரு."

"இழைச்சா கொஞ்சம் மெலிவ. உனக்கும் நல்லதுதான்."

"யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஒரு அம்மா. தனியா இருக்காங்க. ரொம்பக் கறார். அவ்வளவுதான். பேரு ஊரெல்லாம் உங்க மாமா எந்தக் காலத்துல கேட்டிருக்காரு? அளவைத்தானே கேப்பாரு."

தம்பி தலையை ஆட்டினான். அப்புறம் கொஞ்சம் சிரித்தான். அவனுக்கும் உள்ளூர ஆசைதான் என்று தெரிந்தது. டேப்பின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, என் அறை வாசலை அளந்தோம். இரண்டு பக்கமும் உயரம், மேலும் கீழும் அகலம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் இவர் சாப்பிட உட்காரும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"புதுசா ஒரு கதவு வேலை வந்திருக்கு. உன் தம்பி அளவு எடுத்துட்டு வந்திருக்கான். அந்த நிலையை வச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வை, அதுக்கு முன்னாலயே கொண்டுவந்து நிறுத்துவேன்! ஒரு மூலை கிழக்கே பாக்குது, ஒரு மூலை மேற்கே பாக்குது. எந்தப் புண்ணியவானோ தெரியல."

"ஏதோ அவசரத்துல வச்சிருப்பாரு, பாவம்."

"அவசரம்னா அவன் எதுக்குத் தச்சு வேலைக்கு வந்தான்? தீயணைக்கப் போக வேண்டியதுதானே?"

எனக்குப் புரையேறிவிட்டது. இவர் என் உச்சந்தலையில் தட்டி, "மெதுவாச் சாப்பிடு, யார் துரத்துறா?" என்றார்.

அதோடு விட்டாரா? குறுக்களவு வேண்டும் என்று தம்பியைத் திருப்பி அனுப்பினார். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டுமாம், இருந்தால்தான் வாசல் நேராக இருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் வாசலில் இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்காத சம்பந்திகள்போல இருந்தன. தம்பி கொண்டுபோய்ச் சொன்னான். "இந்தக் கோணலுக்கு எண்ணெல்லாம் பத்தாது, நானே போய்ப் பாக்கிறேன்" என்று இவர் துண்டை உதறித் தோளில் போட்டிருக்கிறார். ஆனால் அவன் என் தம்பி அல்லவா, "வாங்க மாமா, ஆனா அந்த வீட்ல ஒரு நாய் இருக்கு" என்றானாம்.

உளிக்கும் ரம்பத்துக்கும் அஞ்சாத மனிதர், கைக்குட்டை அளவு நாய்க்குட்டி எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். "கடிக்குமா?" என்று கேட்டாராம். "ஆளைப் பாத்துக் கடிக்கும் மாமா" என்றானாம் இவன். துண்டு தோளிலிருந்து ஆணிக்குத் திரும்பிவிட்டது. அப்படியென்றால் அந்த வாசலின் அச்சை அட்டையிலாவது காகிதத்திலாவது வெட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

காகிதம் வெட்டுவது என் தொழில். பழுப்புக் காகிதங்களை ஒன்றோடொன்று குண்டூசியால் சேர்த்து, நிலைக்குள் வைத்து, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி மடிப்பு விழச் செய்து, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுகிற கவனத்தோடு வெட்டினேன். பழக்க தோஷத்தில், மேல் எது கீழ் எது என்று தெரிய ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோண வெட்டும் போட்டேன். போட்ட பிறகுதான் திக்கென்றது. இந்த முக்கோண வெட்டு என் அறையில் கிடக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் இருக்கிறது. காற்றடித்தால் அவை கூடம்வரை பறந்து கிடக்கும், இவர் தினமும் அவற்றின்மேல் நடந்துதான் குளிக்கப் போகிறார். இதோடு குட்டு வெளிப்பட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலை அந்தக் காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துவந்தார். கூடத்தில் விரித்தார். விரித்துவிட்டு, எங்கே உட்கார்ந்தார் என்கிறீர்கள்? என் அறை வாசலில், அதே நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் அசல், காலுக்கு முன்னால் நகல். தம்பி மேலே பார்த்தான், நான் கீழே பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"யாருடா இதை வெட்டினது?"

"அந்த அம்மாவேதான் மாமா."

"அப்படியா?" ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். "பாரேன். எங்கயாவது நடுங்கியிருக்கா? மேல்பக்கம் எதுன்னு தெரிய ஒரு வெட்டு வேற போட்டிருக்காங்க. யாருக்குத் தோணும்? வேலை தெரிஞ்ச கை." என்னிடம் திரும்பினார். "நீயும்தான் வெட்டுற. இவ்வளவு சுத்தமா வெட்ட வருமா உனக்கு?"

"எனக்கு எங்கங்க அதெல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் சுருக்கென்று ஒன்று குத்தியது. இந்தக் கை இந்த வீட்டில் எத்தனை வருஷமாகக் காகிதம் வெட்டிக்கொண்டிருக்கிறது!

அதிலிருந்து வீட்டில் வாயைத் திறந்தால் அந்த அம்மாதான். நான் தம்பியிடம் சொல்லியனுப்பும் ஒவ்வொரு நிபந்தனையும் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே வந்து சேர்ந்தது. சித்திர வேலைப்பாடு ஒன்றும் வேண்டாம், தூசி அடையும் என்று சொல்லியனுப்பினேன். "எவ்வளவு தெளிவு பாரு!" என்றார். சாத்தும்போது சத்தம் வரக் கூடாது, உள்ளே இருப்பவர் திடுக்கிட்டால் ஊசி குத்திவிடும் என்று சொல்லியனுப்பினேன். ஊசி கீசி என்று உளறினால் மாட்டிக்கொள்வோம் என்று தம்பி அதை மட்டும் விழுங்கிவிட்டான். இரண்டு கையிலும் பொருள் இருந்தாலும் முழங்கையால் அழுத்தித் திறக்கிற கைப்பிடி வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். அதைக் கேட்டு இவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

"முழங்கை! இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல. கைப்பிடி பளபளன்னு இருக்கணும், சிங்கம் வாயைத் திறக்கணும், இதைத்தான் கேப்பாங்க. இந்த அம்மா எப்படி நடப்போம், எதைத் தூக்கிட்டு வருவோம்னு யோசிக்கிறாங்க. அந்தக் கைப்பிடியை மட்டும் நான் பட்டறையில வைக்கப்போறதில்ல. அவங்களை நேர்ல நிக்கச் சொல்லி, முழங்கை எங்க வருதுன்னு பாத்துத்தான் வைப்பேன்."

"நாய் இருக்கே."

"கட்டிப்போடச் சொல்லுவேன்."

இப்போது ஒரு வெட்கங்கெட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அம்மாமேல் பொறாமை வந்துவிட்டது. அது நானேதான் என்று தெரியும், தெரிந்தும் வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட இந்த மனிதர் என்னைப் பற்றி இத்தனை வார்த்தை பேசியிருக்க மாட்டார். யாரோ ஒருத்தியின் முழங்கைக்கு இவர் முகத்தில் விளக்கேற்றி வைத்ததுபோல் வெளிச்சம் வருகிறது. என் முழங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருக்கிறது. "ரொம்பத்தான் தாங்குறீங்க அந்த அம்மாவை" என்று ஒரு நாள் தட்டை டங்கென்று வைத்தேன். "உனக்கு வேலையோட அருமை தெரியாது" என்றார். தம்பி தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டான்.

இன்னொரு பக்கம், நாங்கள் அந்த நாட்களில் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதில்லை. வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்வார். சட்டங்களுக்குக் காய்ந்த தேக்கு கிடைத்தது, ரேகை எல்லாம் ஒரே பக்கம் ஓடுகிறது என்பார். கதவை நேராகத்தான் செய்கிறேன், மாட்டும்போது அந்தக் கோணல் நிலையை நிமிர்த்திக்கொள்வேன் என்பார். பலகைகளைச் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் சும்மா உட்காரவைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பார். ஒரு நாள், "தாழ்ப்பாள் மேலயா கீழயா, ஒரு பொம்பளைக்கு எது வசதி?" என்று என்னையே கேட்டார். நடுவில் என்றேன். மறுநாள் துள்ளிக்கொண்டு வந்தார். "அந்த அம்மாவும் நடுவுலதான் சொன்னாங்களாம்! நீ கெட்டிக்காரிதான்!"

கதவு முடியும் தறுவாயில் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். இரண்டு முக்காலிகளுக்கு மேல் படுத்திருந்தது. கீழே மரச்சுருள் கணுக்கால் வரைக்கும் கிடந்தது. இவர் இழைப்புளியை வைத்துவிட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இனி தேய்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கண்டதும், "வா, வா, கண்ணை மூடு" என்று என் கையைப் பிடித்துக் கதவின்மேல் வைத்தார். "நிக்கிற சட்டமும் படுக்கிற சட்டமும் எங்க சேருதுன்னு விரலால கண்டுபிடி பாக்கலாம்."

தேடினேன். தையல்காரி விரல், நூலிழை முண்டினால் கண்டுபிடிக்கிற விரல். கிடைக்கவில்லை. மரம் வழுவழுவென்று கையின்கீழ் ஓடிக்கொண்டே இருந்தது.

"கிடைக்கல."

"கிடைக்காது" என்று குழந்தைபோல் சிரித்தார். "நான் போட்டதுலயே இதான் நல்ல கதவு. அந்த அம்மா முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்."

கண்ணைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தோஷம்தான், ஆனால் கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதவு யாரோ ஒரு மகாராணிக்கென்று செய்தது. வாசலில் வந்து நிற்கப்போவது இவர் தினமும் பார்க்கிற நான். ச்சே, நீதானா என்று அந்த முகத்தில் இருக்கிற வெளிச்சம் அணைந்துவிட்டால்? கோபப்பட்டால் சமாளிப்பேன், பதிலுக்குக் கத்தவும் எனக்கு வரும். அந்த வெளிச்சம் அணைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் தெம்பில்லை. பேசாமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று தம்பியிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதவு மாட்டும் நாளன்று காலையில் இவர் சவரம் செய்துகொண்டார். சலவைச் சட்டை எடுத்துப் போட்டார். நான் கேட்காமலேயே, "பெரிய மனுஷி. அழுக்குச் சட்டையோட போக முடியுமா?" என்றார். மகள் ஊரிலிருந்து வந்தால்கூட அரை மனதாகத்தான் தலை சீவுவார். அன்றைக்கு வகிடு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் அரைநூல் பிசகாமல்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்தினான். "மாமா, டீ குடிச்சிட்டுப் போயிடலாம்." இவர் உள்ளே வந்து உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கினார். அதற்குள் தம்பியும் பட்டறை ஆள் ஒருவரும் போர்வையில் சுற்றிய கதவை வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள்.

"டேய், அதை எதுக்குடா இறக்குறீங்க?"

"வெயில்ல வேண்டாம்னுதான் மாமா." சொல்லிக்கொண்டே போர்வையை உருவி, என் அறை நிலையில் கதவைச் சாய்த்தான். திரையை நான் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன்.

கதவு நிலைக்குள் போய் நின்றது. ஒரு பக்கம் கச்சிதம். இன்னொரு பக்கம் கீழே நூலளவில் தொடங்கி மேலே போகப் போக அகலமாகி, உச்சியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாக என் அறை ஜன்னலின் வெளிச்சம் ஆப்பு வடிவில் தெரிந்தது. அந்த நிலையின் கோணல் எப்படித் தெரியும் என்று இவர் எத்தனையோ சாயங்காலம் காற்றில் விரலால் வரைந்து காட்டியிருக்கிறார். அப்படியே இருந்தது.

இவர் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்து போய் அந்த இடைவெளிக்குள் விரலை விட்டார். பையிலிருந்து நூலில் கட்டிய தூக்குக் குண்டை எடுத்து நிலையின் ஓரமாகத் தொங்கவிட்டார். நூல் ஒரு பக்கம் போயிற்று, நிலை ஒரு பக்கம் போயிற்று.

"அந்த நிலையை வச்சவனைக் கூப்பிட்டு அதுக்கு முன்னால நிறுத்தணும்னு நீங்கதானே ஆசைப்பட்டீங்க" என்றேன். "நிறுத்தியாச்சு."

மெதுவாகத் திரும்பினார். "அப்போ... அந்த அம்மா?"

"நான்தான்."

என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். அப்புறம் அறைக்குள் தரையில் கிடந்த காகிதங்களை, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருந்த முக்கோண வெட்டை, அந்த இடைவெளி வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"போச்சுக்கா" என்றான் தம்பி. "நான் இப்பவே வேற வேலை தேடிக்கிறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கதவையும் எங்களையும் போட்டுவிட்டுக் கிளம்புகிறார் என்றே நினைத்தேன். அப்புறம் வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்தார். வண்டிக் கண்ணாடியில் பார்த்து, ஏற்கெனவே எடுத்த வகிட்டை மறுபடி எடுத்தார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சொந்த வீட்டு வாசலில், படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"வணக்கங்க" என்றார். "கதவு போட வந்திருக்கேன். உள்ள வரலாங்களா? நாயைக் கட்டியாச்சா?"

நான் தம்பியைக் காட்டினேன். "கட்டல. ஆனா இன்னைக்கு ஒண்ணும் பண்ணாது, பயத்துல இருக்கு. வாங்க."

அப்போது சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பட்டறை ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

வேலை தொடங்கியது. சலவைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள் என்றேன், கேட்கவில்லை. முதலில் பழைய நிலையைப் பெயர்த்தார்கள். கடப்பாரை போட்ட ஒவ்வொரு தடவையும் இவர் அந்தப் பழைய தச்சரைத் திட்டினார். "ஒரு கால்ல செருப்பைப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சா இப்படித்தான்டா வரும்! மடையன்! ஒரு ஆணி உருப்படியா அடிச்சிருக்கானா பாரு!" தம்பிக்கும் அன்றைக்குத் தைரியம் வந்துவிட்டது, "ஆமா மாமா, சுத்த மடையன்" என்று ஒத்து ஊதினான். சுண்ணாம்பும் தூசியுமாக உதிர்ந்து என் தையல் மிஷினை மூடிய துணியே வெள்ளையாகிவிட்டது. நிலையை நிமிர்த்தி, ஆப்பு வைத்து, குண்டு விட்டுப் பார்த்து, மறுபடி ஆப்பைத் தட்டி, மறுபடி பார்த்து, குறுக்களவு இரண்டும் ஒன்றாகும் வரைக்கும் இவர் யாரையும் தண்ணீர் குடிக்க விடவில்லை. கீல்களுக்குப் பள்ளம் வெட்டும்போது உளிக்கும் மரத்துக்கும் நடுவில் ஏதோ ரகசியம் நடப்பதுபோல் குனிந்துகொண்டார். மரம் காகிதம்போல மெலிசாகச் சுருண்டு வந்தது.

எல்லாம் முடிந்து கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. "இப்படி வந்து நில்லுங்க" என்றார். நின்றேன். "துணி தூக்கிட்டு வர்ற மாதிரி கையை வைங்க." இரண்டு கைகளையும் மடித்து வைத்தேன். என் முழங்கையை இரண்டு விரலால் பிடித்து, கதவோடு சேர்த்துவைத்து, பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டார். "கொஞ்சம் தாழ்வா வேணுங்களா? இப்ப வசதியா இருக்குங்களா?" என்று கேட்டார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நான் அளவெடுத்திருக்கிறேன். என்னை நிறுத்தி வைத்து யாரும் அளந்ததில்லை. "இருக்குங்க" என்றேன். அந்தக் கோட்டிலேயே கைப்பிடியைப் பொருத்தினார்.

"சரி, போய் உள்ள இருந்து சாத்திப் பாருங்க."

உள்ளே போய்ச் சாத்தினேன். சத்தமே இல்லை. மரம் மரத்தைத் தொட்டது, தாழ்ப்பாள் நடுவில் தானாகப் போய் விழுந்தது. கூடத்தில் தம்பி பேசுவது எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல ஆகிவிட்டது. என் மிஷின், என் கத்தரி, என் காகிதங்கள், நான். மிஷின் முன்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், அவர் எனக்காகத் தட்டி நான் கேட்டதில்லை.

"யாரு?"

"தச்சருங்க."

"வேலையா இருக்கேன். அடுத்த வாரம் வாங்க."

தம்பி ஓவென்று கத்துவது கேட்டது. இவர் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மூச்சுவிடுவதுகூட எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், முடியை ஒதுக்கிக்கொண்டேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

சட்டையெல்லாம் சுண்ணாம்பு, தலையெல்லாம் தூசி, எடுத்த வகிடு காணாமல் போயிருந்தது. ஆனால் காலையில் அந்த அம்மாவைப் பார்க்கவென்று புறப்பட்ட முகம் அப்படியே இருந்தது. அதோடுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.